முனையை விட்டுறாதீங்க

வாங்ணா, வாங்ணா. சோலார் மோட்டார் பாக்கத்தான வந்தீங்க? வேளாண்மை ஆபீசுல இருந்து போன வாரங்கூட ரெண்டு பேரை அனுப்புனாங்க. எல்லாம் வெவரமாச் சொல்றனுங்க. அந்தப் பையை அப்புடியே கீழ போட்டுட்டு, மொதல்ல இந்த ஜமக்காளத்தோட அந்த முனையைப் பிடிங்க. கேள்வியெல்லாம் பொறவு கேட்டுக்கலாம். பிடிங்க சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ரெண்டு கையிலயும். ஆ, அப்புடித்தான். பலகையோட கீழ் ஓரத்துக்கு அடியில இழுத்து மடக்கிக்கங்க. காத்து தூக்கும். தூக்கட்டும். நீங்க மட்டும் விட்டுறாதீங்க.

கெணத்துக்குள்ள ஆளு இருக்குதுங்க.

எங்க கொழுந்தனாரு, சென்னியப்பன். இடுப்பளவு தண்ணியில நின்னு மோட்டாருக்கு அடியில சேறு வாரிட்டு இருக்கறாரு. இந்தப் பலகைக மேல வெயில் படாத வரைக்கும் மோட்டார் சும்மாக் கெடக்கும். வெயில் பட்டுதுன்னா அதுவா ஓட ஆரம்பிச்சுரும். ஒருத்தரும் சுச்சுப் போட வேண்டியதில்ல. ஒயரு வேற பாறையில ஒரசி ஒரசி ஒரு எடத்துல தோலு உரிஞ்சு கெடக்குது. டேப்பு சுத்தி வெச்சிருக்குது, டேப்பு என்னத்துக்கு ஆகும்? மோட்டார் ஓடுனா தண்ணியில கரண்டு எறங்கும். தண்ணியில அவரு நிக்கறாரு. அவ்வளவுதானுங்க விசயம்.

எப்பவும் நீங்க நிக்கற எடத்துல எங்க வீட்டுக்காரரு நிப்பாரு. இன்னைக்கு வெள்ளகோயில்ல ஒரு எழவு, காலையில போயிட்டாரு. அந்தா, கெணத்து மேட்டுல கயித்தைப் பிடிச்சுட்டு நிக்கறாளே, அவதான் கலாமணி, கொழுந்தனாரு சம்சாரம். அவரு இடுப்புல கட்டுன கயிறு அது. கலா! எவ்வளவு ஆச்சு? ... பாதிதான் ஆச்சாமா. கேட்டீங்களா, பாதிதான் ஆச்சாமா.

மொத்தம் பத்துப் பலகைங்க. அக்கட்டால ஆறு பலகைக்குத் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டியிருக்குது. பழைய தார்ப்பாய், கயிறு கோக்கற கண்ணெல்லாம் கிழிஞ்சு போச்சு, ரெண்டே எடத்துலதான் கட்டு நிக்குது. இந்த நாலு பலகைக்கு ஜமக்காளம். எங்க கல்யாணத்துக்கு எங்கப்பன் பவானியில வாங்கிக் குடுத்தது. பந்தியில விரிச்ச ஜமக்காளத்தைக் கொண்டாந்து சூரியனுக்குப் போத்தறோம் பாருங்க. ஆடிக் காத்து வேற இன்னைக்கே பார்த்து இந்த அடி அடிக்குது.

ராத்திரி எறங்கலாமேங்கறீங்க. அதைத்தான் கலாவும் சொன்னா. கெணத்துப் பொந்துல விரியன் கெடக்குதுங்க, ரெண்டு தடவை பார்த்திருக்கறோம். வேண்டாம்னு நாந்தான் சொன்னேன். வெடியக்காலையில, வெளிச்சம் வந்தும் வெயில் வராத நேரத்துல எறங்கறேன்னாரு அவரு. நாளைக் காலம்பற வரைக்கும் என்ற வெங்காயம் தாங்காதுன்னுட்டேன். மூணு நாளாத் தண்ணி பாயல, தாளெல்லாம் சுருண்டு நிக்குது. சரீங்கண்ணி, மேகமாத்தான இருக்குது, இப்பவே எறங்கிர்றேன்னாரு. நான் ஒரு வார்த்தை சொன்னா மறு பேச்சு பேச மாட்டாருங்க. நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வர்றப்ப அவரு எட்டாவது படிச்சுட்டு இருந்தாரு. என்ற கையில சோறு தின்னு வளந்தவரு.

அணைச்சு வெக்கறதா? அந்த சுச்சு உங்க முதுகுக்குப் பின்னாலதான் இருக்குது. திரும்பாதீங்க! முனை போயிரும். சொல்றேன், திரும்பாம கேளுங்க. கம்பத்துல ஒரு இரும்புப் பொட்டி இருக்குது. அதுக்குள்ளதான் சுச்சு, மத்ததெல்லாம். பக்கத்து ஊருல எவனோ பொட்டியையே களவாண்டுட்டுப் போயிட்டான்னு, எங்க வீட்டுக்காரரு மேல ஒரு இரும்புக் கூடு அடிச்சுப் பூட்டுப் போட்டாரு. நல்ல பூட்டு. அதுக்கு சாவி ஒண்ணுதான். அது சித்திரையில காணாமப் போச்சுங்க. கம்பெனி மெக்கானிக் வந்து பார்த்துட்டுப் போனான், அவன்தான் ஜோப்புல போட்டுட்டுப் போயிட்டான். கலா அவனுக்கு எத்தனையோ தடவை போன் பண்ணிப் பார்த்துட்டா. நான் எடுக்கலைன்னு புள்ளைக மேல சத்தியம் பண்றானாமா. எடுத்தவன் எடுத்தேன்னா சொல்லுவான்?

ஒடைக்கறதா? அதையேதான் எல்லாரும் கேக்கறீங்க. எங்க வீட்டுக்காரரு சுத்தியலே எடுத்துட்டு வந்துட்டாரு. நாந்தான் குறுக்க நின்னேன். கூட்டை ஒடைக்கறப்ப உள்ள இருக்கற பொட்டியில அடி பட்டுதுன்னா வாரண்டி போயிரும், கம்பெனிக்காரன் திரும்பிப் பாக்க மாட்டான்னு. நெசந்தானுங்க? உங்களுக்கும் மோட்டார் வந்தா நீங்களும் அப்புடித்தான் யோசிப்பீங்க. ஒயரைக் கழட்டலாம்னா, பகல்ல பலகையில இருந்து வர்ற ஒயரு உசுரோடதான் இருக்கும், கை வெச்சாப் பொறி பறக்குது. வேற வழியே இல்லீங்க. வேற வழி இருந்தா நான் இப்புடி நின்னுட்டு இருப்பனா?

அந்த மேகத்தைப் பாருங்க. அந்தப் பெரிய மேகம் இன்னும் கொஞ்ச நேரத்துக்கு வரும். அதுக்குப் பொறத்தால வெறும் நீலம். ஐயோ, பாக்காதீங்க, பார்த்தா இன்னும் பயம்.

என்ன அடிக்கடி கழுத்தைத் தடவறேன்னு பாக்கறீங்களா? பயத்துலங்க. தாலியைத் தொட்டுக்கிட்டாக் கொஞ்சம் தெம்பு.

மொதல் தடவை நடந்ததைச் சொன்னா உங்களுக்கும் கை நடுங்கும். அதனால முனையை இறுக்கிப் பிடிச்சுட்டுக் கேளுங்க. வைகாசியில இதே மாதிரி சேறு அடைச்சுக்கிச்சு. சோலார் வர்றதுக்கு முந்தியெல்லாம் நாங்க ஈபி கரண்டுலதான வெள்ளாமை பண்ணுனோம்? மும்முனைக் கரண்டு நேரத்துக்கு வரும், நேரத்துக்குப் போகும். போர்டுல லைட்டு அணைஞ்சுதுன்னா கெணத்துல எறங்கி வேலை பாப்பாங்க, மறுபடி வர்றதுக்குள்ள ஏறிருவாங்க. எங்க மாமனாரு காலத்துப் பழக்கம். அதே பழக்கத்துல, மேகம் போட்டு மோட்டார் நின்னதும் அண்ணனும் தம்பியும் கரண்டு போயிருச்சுன்னுட்டாங்க. நானும் அப்புடித்தான் நெனைச்சேன். கரண்டு போச்சு, எறங்குங்கன்னேன். கொழுந்தனாரு எறங்கிட்டாரு. ஈபிக்காரன் ரெண்டு மணிக்கு விடுவான்னா ரெண்டு மணிக்குத்தான் விடுவான். மேகத்துக்கு மணி ஏதுங்க? கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள பளீர்னு வெயில் அடிச்சுது.

கொழுந்தனாருகிட்ட இருந்து சத்தமே வரலீங்க. மோட்டார் உறுமுனது மட்டுந்தான் கேட்டுது. எங்க வீட்டுக்காரருதான் கயித்தைப் பிடிச்சு இழுத்தாரு. இழுத்து மேல போட்டப்ப பல்லுக் கிட்டிப் போயிருந்துது. உதடெல்லாம் நீலம். காங்கயத்துல ஆஸ்பத்திரியில வெச்சிருந்து அனுப்புனாங்க. டாக்டர் சொன்னாரு, நெஞ்சு ஏற்கெனவே அடி வாங்கிருச்சு, இன்னொருக்கா இப்புடி ஆச்சுன்னாத் தாங்காதுன்னு. கலா மூஞ்சைப் பாத்துட்டுத்தான் சொன்னாரு, ஆனா எனக்கும் சேத்துச் சொன்ன மாதிரியே இருந்துது. இன்னைக்கும் அவரு இடது கையில டம்ளரைப் பிடிச்சா, காபி தளும்பிட்டே இருக்கும். நான் அதைப் பாக்காம அடுப்பைப் பாத்துக்குவேன்.

அன்னைக்கு ராத்திரி சொல்லிரலாம்னு... இல்லீங்க, ஒண்ணுமில்லீங்க. என்னமோ சொல்ல வந்தேன், மறந்துட்டேன். காத்து காதை அடைக்குது.

பிடிங்க பிடிங்க! தூக்குது பாருங்க! ஆ... அமுக்குங்க, மொழங்கையில அமுக்குங்க. கலா, ஒண்ணுமில்ல, பிடிச்சுட்டோம்! ஒறம்பரை ஒருத்தரு வந்திருக்கறாரு, நல்ல பலமான ஆளு! சும்மா சொன்னேன், பயப்படுவா இல்ல?

கலாமணி கெட்டவ இல்லீங்க. எனக்கும் அவளுக்கும் சண்டை எதுவும் கெடையாது. ஆனா அவளுக்கு ஒரு குணம். எதையும் எடுத்து வெக்கோணும், மிச்சம் பிடிக்கோணும். மோட்டார் வந்து ஆறு மாசம் நல்லாத்தான் போச்சு. பொழுது கௌம்பறப்ப ஓட ஆரம்பிச்சாப் பொழுது சாயற வரைக்கும் தண்ணி. என்ன ஒரு நிம்மதின்னு நெனைக்கறீங்க! கரண்டு எப்ப வரும்னு அர்த்த ராத்திரியில முழிச்சுட்டு ஒக்கார வேண்டியதில்ல. வெங்காயம், மஞ்சள், மாட்டுக்குத் தீவனப்புல்லு, எல்லாம் நட்டேன். வெள்ளாமையைப் பாக்கக் கண்ணு கூசும். அப்ப இவ வந்து சொல்றா, அக்கா, வாரத்துல ரெண்டு நாளு மோட்டாரை அணைச்சுப் போடலாம், கெணறு ஊறட்டும்னு.

ஏனுங்ணா, நீங்களே சொல்லுங்க. வெயில் அது பாட்டுக்கு அடிக்குது. வந்த வெயிலை வேண்டாம்னு சொல்ல யாருக்காச்சும் மனசு வருங்களா? அவ போட்டது சோளம், அது வானத்தைப் பாத்துட்டு நிக்கும். எனக்கு அப்புடியா? நான் ஒத்துக்கல. ஒரு செவ்வாக்கெழமை நான் காட்டுக்கு வந்து பாக்கறேன், உச்சி வெயில் கொளுத்துது, மோட்டார் நிக்குது. இவ வந்து அணைச்சுட்டுப் போயிருக்கறா! என்ற வயிறு எப்புடி எரிஞ்சிருக்கும்? அடுத்த செவ்வாக்கெழமையும் அணைச்சா. அந்த வாரத்துலதான் மெக்கானிக் வந்தான், சாவி போச்சு. அதோட அணைக்கற பேச்சும் போச்சு. சில நேரம் சாமியாப் பார்த்து ஒரு வழி காட்டுதுங்க.

கெணறு எறங்கிப் போச்சுங்கறது நெசந்தான். மாசியில எட்டாம் படியில தண்ணி தளதளன்னு கெடந்துது. இப்ப முப்பத்தி நாலாம் படி. மோட்டாரு சேத்துல ஒக்காந்துட்டு, சேத்தையே குடிச்சு அடைச்சுக்குது. கலாவைக் கேட்டா, ஓய்வில்லாம ஓடுனதுலதான்னு சொல்லுவா. நான் சொல்றேன், அந்தா சுத்துது பாருங்க வரிசையாக் கரண்டு எடுக்கற காத்தாடி, அதுதான் காரணம். வர்ற மேகத்தையெல்லாம் தள்ளி விட்டுருது. மழை எங்க பெய்யும்?

இன்னைக்காவது ஒரு மேகம் நின்னு போகக் கூடாதா.

வெளிச்சம் ஏறுதுங்ணா. என்ற நெழலு தரையில தெரியுது. இத்தனை நேரம் தெரியல. கலா! வெயில் வருது! ஏறச் சொல்லு! என்னது? காலு சேத்துல மாட்டிக்கிச்சா? என்ன சொல்றா அவ? காலு சேத்துல பொதைஞ்சு போச்சுங்கறாளா? அட கடவுளே. இழு கலா, கயித்தை இழு!

நீங்க விடாதீங்க. நீங்க இதைப் பிடிச்சுட்டே நில்லுங்க. தார்ப்பாய் தாங்கும். தாங்கோணும். அந்தக் கட்டு நான் போட்டது, ரெட்டை முடிச்சு. தாங்...

போச்சு! தார்ப்பாய் போச்சு! கிழிச்சுட்டுப் போயிருச்சே! ஆறு பலகையும் தொறந்து கெடக்குதே, ஐயோ, வெயில் அப்புடியே அது மேல... வேண்டாங்ணா, ஓடாதீங்க, நீங்க போயி என்ன பண்ணுவீங்க, நீங்க ஜமக்காளத்தை விட்டாப் பத்துப் பலகையும் தொறந்துக்கும்! உறுமுதா? உறுமுதுங்களா? நல்லாக் கேளுங்க. கேக்குது. எனக்குக் கேக்குது. கலா கத்தறா.

தள்ளுங்க. தள்ளி நில்லுங்ணா, பொட்டிக்கு வழி விடுங்க. என்ற முனையையும் நீங்களே பிடிச்சுக்கங்க. பாக்காதீங்க, அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. தாலிக்கொடியிலதான் முடிஞ்சு வெச்சிருக்கறேன். முடிச்சு அவுற மாட்டீங்குதே. வேண்டாம், அவுக்க வேண்டாம், அப்புடியே குனிஞ்சு... தொளை எங்கயிருக்குது, கண்ணுத் தெரிய மாட்டீங்குது. சாமி, சாமி, இந்த ஒரு தடவை. நுழைஞ்சுருச்சு. திரும்பு, திரும்பித் தொலையேன், எத்தனை மாசமாச்சு தொறந்து, துருப் பிடிச்சு... தொறந்துருச்சு!

அணைச்சுட்டேன்.

அணைச்சுட்டேன், அணைச்சுட்டேன். சத்தம் நின்னு போச்சுங்களா? நின்னு போச்சு. கொழுந்தனாரு சத்தம் ஏன் வரல? கலா! அவரு பேசறாரா? பேசச் சொல்லு! பேரைச் சொல்லிக் கூப்புடு!

கேட்டீங்களா? "இருக்கறன்"னாரு. அவரு கொரல்தான். "இருக்கறன், காலு வந்துருச்சு"ன்னாரு. ஐயோ சாமி. இந்தக் கம்பத்தைப் பிடிச்சுக்கறேன். படிக்கு இழுத்துட்டாளாமா. படியில ஒக்காந்திருக்கறாராமா. இந்தத் தடவை அந்த டேப்பு தாங்கிருச்சாட்ட இருக்குதுங்க.

நீங்க இன்னும் ஜமக்காளத்தைப் பிடிச்சுட்டே நிக்கறீங்களே. விட்டுருங்க. இனி வெயில் அடிச்சா அடிக்கட்டும்.

அது வந்துங்ணா... சாவியை மெக்கானிக் எடுத்துட்டுப் போகல. அப்ப நட்டிருந்த வெங்காயத்தை எடுக்கற வரைக்கும் இருக்கட்டும்னுதான் முடிஞ்சு வெச்சேன். ரெண்டு மாசம். அதுக்குள்ள வைகாசியில அப்புடி ஆகும்னு யாரு கண்டது? அப்புறம் எடுத்துக் குடுத்தா என்னன்னு கேக்கறீங்க. எப்புடிக் குடுக்கறது? அவரு ஆஸ்பத்திரியில கெடக்கறப்ப இந்தா சாவின்னு நீட்டுனா, என்னைப் பத்தி என்ன நெனைப்பாங்க? ஒவ்வொரு நாளும் தள்ளிப் போச்சு. தள்ளிப் போகப் போக இன்னும் பயமாப் போச்சு. ஊரே அந்த மெக்கானிக்கைத் திட்டுச்சு, நானும் கூடச் சேந்து திட்டுனேன். இந்த ஜமக்காளத்தைப் பிடிச்சுட்டு நிக்கறப்பல்லாம் இந்தச் சாவி நெஞ்சுல குத்திட்டே இருக்கும். கொழுந்தனாருக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு அதையே இறுக்கிப் பிடிச்சுட்டு வேண்டிக்குவேன்.

அய்யய்யோ, கலா வர்றா. கயித்தைக் கல்லுல கட்டிப் போட்டுட்டு இங்கதான் வர்றா. சாவி வெளிய வர மாட்டீங்குதுங்ணா! தொறந்த பூட்டுல இருந்து வர மாட்டீங்குது. பூட்டே என்ற தாலியில தொங்குது பாருங்க. எத்தனை கனம். இழுத்தா வரலீங்க. என்னங்க பண்ணட்டும்? நீங்க கண்டெடுத்ததாச் சொல்லுங்க. இங்க புல்லுக்குள்ள கெடந்துதுன்னு சொல்லுங்க, நீங்க அசலூரு, உங்களை யாரும் ஒண்ணுங்... வந்துட்டா.

வா கலா. அவருக்கு ஒண்ணுமில்லையே? எப்புடி நின்னுதுன்னா... அது... இவருதான்...

கலா, ஏதாச்சும் கேளு. திட்டு. அடிக்கறதுன்னாலும் அடி. ஏன் கிட்ட வர்றே? தாலியை ஒண்ணும் பண்ணிறாதே கலா. கலா?

பாத்தீங்களா, கலா எப்புடிப் பண்ணிட்டுப் போறா? தாலியை அறுத்துருவாளோன்னு கண்ணை மூடிக்கிட்டேன். பூட்டை ஒரு கையில தாங்கிப் பிடிச்சா. ஒரு அமுக்கு அமுக்கி, சாவியைத் திருப்பிப் பூட்டுல இருந்து உருவுனா. பூட்டை என்ற கையில வெச்சா. அவ கை ஈரமா, சில்லுன்னு இருந்துது. கயித்தை இழுத்து இழுத்து உள்ளங்கையெல்லாம் தோலு உரிஞ்சு ரத்தமா இருந்துது. "கழுத்து வலிக்கும்க்கா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. திரும்பிப் போயிட்டா.

சாவியை அவ எடுக்கலீங்ணா. என்ற தாலியிலயே விட்டுட்டுப் போயிட்டா. சேலைக்கு மேல, வெளிய தொங்குது.

அந்தா, கொழுந்தனாரு ஏறி வர்றாரு. தலை தெரியுது. கலா கை குடுக்கறா, இடது கையை நீட்டறாரு, அது ஆடுது. இந்தப் பக்கம் பாக்கறாரு. "அண்ணி, பயந்துட்டீங்களா?"ன்னு கேக்கறாரு, கேட்டுதுங்களா? என்னையக் கேக்கறாரு.

இங்கதான் வர்றாரு. இந்தச் சாவியை உள்ளுக்கு எடுத்துப் போட்டுக்கட்டுமா, இப்புடியே வெளிய கெடக்கட்டுமா? நீங்க சொல்லுங்ணா. எனக்குக் கை வர மாட்டீங்குது.